பிக்கப் வண்டியின் குனிந்த மூக்கு

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஏதாவது ஒரு பேரங்காடியின் வண்டி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், கார்களோடு போட்டி போட்டுக்கொண்டு பிக்கப் வண்டிகள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம், டொயோட்டா டகோமா. கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும் ஒரு வண்டியைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். பின்பக்கம் ஓரிரண்டு அங்குலம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்ந்தும், தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கப்போகும் மாடு மாதிரி நிற்கும். அதற்கு அடுத்தாற்போல் அதே மாடல், அதே நிறம், ஆனால் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் இன்னொன்று இருக்கும். இந்த இரண்டாவது வண்டியின் சொந்தக்காரர் முன்பக்கத்தை உயர்த்தி வாங்கியிருக்கிறார். அங்கே அதற்கு 'லெவலிங்' என்று பெயர்.

புது வண்டி வாங்கிய கையோடு இதைச் செய்துகொள்கிறவர்கள் அங்கே ஏராளம். பல டயர் கடைகளிலேயே செய்து தருகிறார்கள். மிகச் சிக்கனமான உதிரிபாகம் நூறு டாலருக்குள் கிடைத்துவிடும்; வேலை அரை நாளில் முடிந்துவிடும். இரண்டு அங்குலம் உயர்த்துவதில் என்ன பெரிய சூட்சுமம் இருக்கப்போகிறது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கம்பெனிக்காரன் அந்த மூக்கை ஏன் குனிய வைத்தான் என்று கேட்க ஆரம்பித்தால் பதில் நீண்டுகொண்டே போகிறது.

1925-ல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய எஃகுத் தொட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து வெளிவந்த முதல் ஃபோர்டு பிக்கப் அதுதான். அதிலேயே பின்னால் கனமான பட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். நூறு வருடம் ஆகியும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் எடை என்றைக்கும் ஒன்றுதான். பின்னால் இருக்கும் தொட்டியின் எடைதான் நாளுக்கு நாள் மாறும். இன்றைக்கு வெறும் தொட்டி, நாளைக்கு சிமென்ட் மூட்டை, ஞாயிற்றுக்கிழமை படகு வண்டி. முன் ஸ்பிரிங் ஒரே சுமைக்குப் பழகியது. பின் ஸ்பிரிங் வராத விருந்தாளிக்கும் சேர்த்து உலை வைத்துக் காத்திருப்பது.

பெயரளவில் 'அரை டன்' என்று அழைக்கப்படும் வண்டிகளே இன்று எழுநூறு, எண்ணூறு கிலோ தாங்குகின்றன. அவ்வளவையும் ஏற்றும்போது பின்பக்கம் அமுங்கும். முன்பே நேர்மட்டமாக நின்ற வண்டி அப்போது பின்னால் குந்தி உட்கார்ந்துவிடும். முன் சக்கரங்களில் எடை குறைந்து, ஸ்டீயரிங் லேசாகி, முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கும். அதைத் தவிர்க்கத்தான் காலி வண்டியைக் குனிந்தே நிற்க விடுகிறார்கள். ஆகவே அந்தச் சாய்வு பழுதில்லை, அழகு தெரியாதவன் செய்த வேலையும் இல்லை. வரப்போகும் சுமைக்கு ஒதுக்கி வைத்த இடம் அது.

(பட்டை என்று இங்கே சொல்வது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகளை. நம்மூர் லாரிப் பட்டறைகளில் அதற்கு அதுதான் பெயர். பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்யும் கொல்லர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எஃகின் வீரியம் தெரியும்.)

அப்படியானால் ஏன் இத்தனை பேர் ஒதுக்கிய இடத்தை அடைத்துவிடுகிறார்கள்? பெரும்பாலும் அழகுக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் டயர். பெரிய டயர் போட்டால் ஸ்டீயரிங் திருப்பும்போது முன் மட்கார்டில் உரசும். இரண்டு அங்குலம் உயர்த்தினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். மூன்றாவது காரணம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. மிச்சிகன், மின்னசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் வண்டியின் முன்னால் பனி தள்ளும் இரும்புக் கலப்பையை மாட்டுகிறார்கள். அது சில நூறு கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூக்கு தரையை மோந்து பார்க்கும். இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் மாட்டியவர்களுக்கும் இதே கதை. சுமை முன்னால் நிரந்தரமாகக் கூடியிருக்கிறது. அதற்கேற்ப முன்பக்கத்தை உயர்த்துகிறார்கள். கணக்கு சரி.

ஒரு வில்லை, இரண்டு இடம்

இப்போதைய எஃப்-150, சில்வராடோ 1500, டகோமா எல்லாவற்றிலும் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். மெக்கானிக்குகள் 'கன்ட்ரோல் ஆர்ம்' என்பார்கள். கீழ்க்கையின் மீது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக நிற்கும். அந்தக் கட்டின் தலை வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும்.

மலிவான வழி, அந்தத் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வில்லையைச் செருகுவது. அலுமினியத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ செய்த தட்டையான வளையம். ஸ்பேசர் என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு அங்குலம் உயர்த்தித் தரும் என்று எழுதிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருக்கும் வில்லையின் கனம் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் இருக்கும். ஏமாற்று இல்லை. ஷாக் கட்டு கீழ்க்கையின் நுனியில் உட்காரவில்லை, நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. கதவை நடுவில் பிடித்து ஒரு சாண் தள்ளினால் அதன் விளிம்பு இரண்டு சாண் நகர்வதில்லையா, அதுபோல.

இந்தத் தலை வில்லையைப் போட ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திலேயே செய்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஷாக் கட்டு முழுவதும் கீழே தள்ளப்பட்டுவிட்டது என்பதை மறக்கக்கூடாது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது கம்பெனி நிர்ணயித்த எல்லையைத் தாண்டியும் கீழே போகும். அப்போது கையையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் தன் கோணத்தின் விளிம்புக்கு வந்துவிடும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியாக இருந்தால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட்டும் கூடுதல் கோணத்தில் மடங்கும். மேல்கை ஸ்பிரிங்கின் மீது இடிக்கவும் கூடும். எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. பெரிய மேட்டில் சக்கரம் மேலே எகிறும்போது, சட்டத்தில் இருக்கும் ரப்பர் தடுப்பு அடியை வாங்கும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளலாம். வில்லை கனமாக ஆக இந்த ஆபத்தும் கூடும்.

வில்லையை வேறு இடத்திலும் வைக்கலாம். கட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்தி, ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் இருக்கைக்கும் இடையே வைப்பது. இப்போது ஷாக்கின் நீளம் மாறவில்லை, ஆகவே சக்கரம் எல்லை தாண்டித் தொங்காது. ஆனால் வண்டி நிற்கும் நிலையே அந்த எல்லைக்கு இரண்டு அங்குலம் அருகில் வந்துவிட்டது. சாலையில் ஒரு குழி வந்தால் சக்கரம் இறங்கிப் போக இடமில்லாமல் ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று முட்டும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது இந்தச் சத்தம் கேட்கும். தவிர, ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் விளையாடக்கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பு மிஞ்சாது. அந்த ஒரு வேலையையாவது பட்டறையில் கொடுப்பதுதான் புத்தி.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வில்லை வைத்தால் ஸ்பிரிங் இறுகிவிடும், அதனால்தான் வண்டி குதிக்கிறது என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் எடை முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே. அதனால் வண்டி நிற்கும்போது அது முன்பு எவ்வளவு அமுங்கியிருந்ததோ அதே அளவுதான் இப்போதும் அமுங்கியிருக்கும். வில்லை அதை இடம் மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவே. குதிப்பதாகத் தோன்றுவது, கீழே இறங்கும் தூரம் குறைந்ததாலும் கைகளின் கோணம் மாறியதாலும்.

காசு கொஞ்சம் அதிகம் போட முடிந்தவர்களுக்கு மூன்றாவது வழி, கட்டையே மாற்றிவிடுவது. பில்ஸ்டைன் 5100 என்ற ஷாக்கின் உடம்பில் மேலும் கீழுமாகப் பல பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை எந்தப் பள்ளத்தில் பொருத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு போன்ற நிறுவனங்கள் முன்பக்கத்து நிரந்தர எடைக்கு ஏற்றபடி வெவ்வேறு பலத்தில் ஸ்பிரிங்குகளையே விற்கின்றன. இரும்பு பம்பர் மாட்டியவர் வில்லையைத் தேடாமல் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். கூடுதல் எடையைக் கூடுதல் பலமுள்ள ஸ்பிரிங் தாங்குவதுதான் முறை.

முறுக்கிய தண்டு

எல்லா வண்டியிலும் சுருள் ஸ்பிரிங் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் கனரக பிக்கப்களான 2500, 3500 வகைகளில் முன்பக்கத்தைத் தாங்குவது ஒரு நேரான எஃகுத் தண்டு. டார்ஷன் பார் என்பார்கள். அதன் ஒரு முனை கீழ்க்கையில் பூட்டியிருக்கும். தண்டு வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கிப் போய், மறுமுனை சட்டத்தின் குறுக்குக் கட்டையில் ஒரு சாவி போன்ற துண்டில் செருகியிருக்கும். சக்கரம் ஏறினால் தண்டு முறுகும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. விட்டால் திரும்ப நிமிரும். 2007-க்கு முந்தைய பல சில்வராடோ 1500 நான்கு சக்கர ஓட்ட வண்டிகளிலும், 1998-க்குப் பிந்தைய பழைய ஃபோர்டு ரேஞ்சர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடு இருந்தது.

இதில் எந்த உதிரிபாகமும் வாங்காமலே உயர்த்தலாம். சாவியை அழுத்திப் பிடித்திருக்கும் போல்ட்டை நாலு சுற்று முடுக்கினால் மூக்கு நிமிரும். காசு செலவே இல்லாததால்தான் பலரும் இதில் அளவு தவறுகிறார்கள். போல்ட் போகிற வரைக்கும் முடுக்கிவிட்டால் மேல்கை தன் கீழ்த்தடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் கேட்கும். சாவியின் கோணத்தை மாற்றி வார்த்த மாற்றுச் சாவிகளும் கடையில் கிடைக்கின்றன. அவை போல்ட்டை நடு அளவிலேயே வைத்து உயரத்தைக் கொடுக்கும். ஆனால் முறுக்கிய தண்டைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும். தண்டுக்குள் அடைந்திருக்கும் விசையும் சுருள் ஸ்பிரிங்கின் விசைக்குச் சளைத்ததல்ல.

ராம் 2500, ஃபோர்டு சூப்பர் டூட்டி வகைகளில் நான்கு சக்கர ஓட்ட வண்டிகளுக்கு முன்னாலும் ஒரே முழு ஆக்ஸில். இதில் சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் வில்லை வைப்பது எளிது. சிவி ஜாயிண்ட் மடங்கும் கவலையும் இல்லை. ஆனால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் தண்டு ஒரு பக்கம் சட்டத்திலும் மறுபக்கம் ஆக்ஸிலிலும் இருப்பதால், வண்டி உயர உயர ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும். ஸ்டீயரிங் நேராக இருந்தும் சக்கரம் திரும்பியிருப்பது போலத் தெரியும். இந்த வகை வண்டிகளில் வேகமாகப் போகும்போது முன் சக்கரங்கள் திடீரென்று கட்டுக்கடங்காமல் ஆட ஆரம்பிக்கும் ஒரு நோய் உண்டு. அங்கே அதற்குச் 'சாவு நடுக்கம்' என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். தேய்ந்த இணைப்புகள் ஏற்கெனவே இருந்தால் உயர்த்திய பிறகு அந்த நோய் வெளியே வந்துவிடும்.

இரண்டு அங்குலத்தின் கணக்கு

எந்த வழியில் செய்தாலும் முதலில் அளக்க வேண்டும். அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயரில் காற்று குறைந்திருந்தாலே கணக்கு கெட்டுவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும், சமதளத்தில், வழக்கமாக வண்டியில் இருக்கும் சாமான்களோடு. டகோமாக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். உயர்த்தும்போது அந்தப் பக்கத்து வில்லையை மட்டும் கால் அங்குலம் கூடுதலாக வைப்பவர்கள் உண்டு.

பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கலாக இருந்தால் முன்னால் ஒன்றரை உயர்த்துங்கள் என்பது என் கட்சி. அரை அங்குலச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறும்போது அது உதவும். முழுதும் சமமாக்கி, அதற்கு மேலும் அரை அங்குலம் கூட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

உயர்த்திய அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். இதை மிச்சம் பிடிப்பதுபோல் முட்டாள்தனம் வேறில்லை. கைகளின் கோணம் மாறும்போது சக்கரம் உள்ளே சாய்வதா வெளியே சாய்வதா என்ற கேம்பரும், சக்கரங்கள் ஒன்றை ஒன்று பார்க்கின்றனவா என்ற டோவும் மாறிவிடும். டோ தவறினால் புது டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். மூன்றாவது அளவான காஸ்டரைப் பலரும் கவனிப்பதில்லை. சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அது. சைக்கிளின் முன் கவைக்கோல் சாய்ந்திருப்பதும் கையை விட்டு நேராக ஓட்ட உதவுகிறது. உயர்த்தும்போது காஸ்டர் குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு விட்டால் அது தானாக நடுவுக்கு வர மனமில்லாமல் நிற்கும். நெடுஞ்சாலையில் வண்டி அலையும். கம்பெனி கொடுத்த சரிசெய்யும் இடம் போதாமல் போனால் மேல்கையையே மாற்ற வேண்டிவரும். நூறு டாலர் வேலை அங்கேதான் ஆயிரத்தைத் தொடும்.

முகப்பு விளக்கின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நான்கு கதவுள்ள எஃப்-150 ஒன்றின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 145 அங்குலம், அதாவது சுமார் 368 சென்டிமீட்டர். முன்னால் இரண்டு அங்குலம், ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால், முப்பது மீட்டர் தூரத்தில் விளக்கின் ஒளி ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் மேலே போகும். எதிரே வரும் சிறிய காரின் ஓட்டுநருக்குக் கண் கூச அது தாராளம். விளக்கின் பின்னால் இருக்கும் ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத வண்டிகள் எத்தனை என்பது அங்கே இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். புதிய வண்டிகளில் முன்னால் இருப்பவற்றைக் கண்டு தானே பிரேக் போடும் கேமராவும் ராடாரும் இருக்கின்றன; வண்டியின் கோணம் மாறினால் அவற்றுக்கும் மறுபடி அளவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

உத்தரவாதம் போய்விடுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, வெளியாள் செய்த பாகத்தைப் பொருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். கண்ணாடி இறக்கும் மோட்டார் கெட்டதற்கும் வில்லைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சிவி ஜாயிண்ட் உடைந்து போய் நின்றால், கம்பெனிக்காரர் முதலில் வில்லையைத்தான் குனிந்து பார்ப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மட்டம் தாண்டினால் சட்டம் வரும். தென்கிழக்கு மாநிலங்களில் முன்பக்கத்தை வெகுவாக உயர்த்திப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, நாய் குந்தியிருப்பது போல ஓட்டும் ஒரு மோகம் கிளம்பியது. 'கரோலைனா ஸ்குவாட்' என்று பெயர். கலிபோர்னியப் பாலைவனப் பந்தய வண்டிகளின் தோரணையிலிருந்து வந்தது என்பார்கள். பந்தய வண்டி மணல் மேட்டில் பறந்து இறங்குவதற்காக அப்படி இருந்தது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கோ எதிரே நிற்கும் குழந்தைகூட பானெட்டுக்கு மேல் தெரியாது. வட கரோலைனா மாநிலம் 2021 டிசம்பர் 1 முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரமாக இருக்கக்கூடாது என்று தடை போட்டது. ஒரே ஆண்டில் மூன்று முறை தண்டனை பெற்றால் ஓட்டுநர் உரிமம் போய்விடும். அடுத்த ஆண்டு வர்ஜீனியாவும், 2023-ல் தென் கரோலைனாவும் தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. லெவலிங் செய்தவரை இந்தச் சட்டங்கள் தொடுவதில்லை. ஆனால் சமமாக்கிய வண்டியில் சுமை ஏற்றினால் அது போகும் திசை அதுதான்.

எவ்வளவு போகும்? மூன்றாயிரம் கிலோ இழுவண்டி ஒன்றை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மீது உட்கார வேண்டும் என்பது விதி. குறைந்தால் இழுவண்டி பாம்புபோல் நெளியும். பத்து சதவீதம் என்றே கொண்டால் 300 கிலோ. கொக்கி பின் ஆக்ஸிலுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருப்பதால் நெம்புகோல் கணக்கு வேலை செய்யும். பின் ஆக்ஸிலில் ஏறுவது சுமார் 400 கிலோ. முன் ஆக்ஸிலிலிருந்து கழன்றுபோவது சுமார் 100 கிலோ. திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் பொறுப்பு என்பதால் இந்த நூறு கிலோ சாதாரணமில்லை. எடையை முன்னுக்குத் திருப்பிவிடும் கொக்கி ஏற்பாடுகள் இருக்கின்றன. இழுவண்டி வைத்திருப்பவர்கள் வாங்குவது நல்லது. பின் பட்டைக்குத் துணையாகக் காற்றுப் பைகளைப் பொருத்துகிறவர்களும் உண்டு. சுமை ஏற்றும்போது காற்றடித்துக்கொள்ளலாம். அது பின்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்கும். ஆனால் வண்டி தாங்கும் எடையின் வரம்பை ஒரு கிலோகூடக் கூட்டாது. வரம்பு கதவு ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதியிருப்பதுதான்.

வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். அதோடு இன்னொன்றும் செய்யலாம். இருட்டியபின் வழக்கமான சுமையை ஏற்றி, இழுவண்டி இருந்தால் அதையும் மாட்டி, வீட்டுக் கேரேஜ் கதவுக்கு எட்டு மீட்டர் முன்னால் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். காலி வண்டியில் ஒளியின் மேல்விளிம்பு விழுந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தால், இப்போது அது கோட்டைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவு நாடா சொல்லிவிடும்.